கலியமூர்த்தி வீட்டில் ஆமைப்படம்

புதுச்சேரியில் நிற்கிற சுவர் எதுவானாலும் அதில் கலியமூர்த்தி போட்ட துளை நாலாவது இருக்கும். வெள்ளைக்காரன் காலத்து மூன்றடிச் சுவரா, போன மாதம் பூசிய ஒற்றைக்கல் சுவரா என்று அவன் தட்டிப் பார்க்கவே வேண்டாம். வாசலில் நின்று முகர்ந்தே சொல்லிவிடுவான். ஒருமுறை கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஐம்பத்தைந்து இஞ்ச் டி.வி. ஒன்றை மாட்டிவிட்டு வந்தான். ஒரு வாரம், கடலில் போன கப்பலெல்லாம் நின்று சீரியல் பார்த்துவிட்டுத்தான் போயின.

சரி, கப்பலை எடுத்துவிடுங்கள். கலங்கரை விளக்கத்தையும் எடுத்துவிடலாம். முகர்வதுகூடக் கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். அவனும் எல்லாரையும் போலச் சுவரைத் தட்டித்தான் பார்ப்பான். கழித்தது போக நிற்பது இவ்வளவு: டி.வி. கடை ஒன்றில் இருபத்திரண்டு வருஷ வேலை. டி.வி. வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய், சுவரில் மாட்டி, படத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வருவது.

அவனுடைய அப்பா மில்லில் தறி ஓட்டியவர். மில்லை மூடிய பிறகும் ஆறு மாதம் காலை ஷிப்டுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பிப்போய், பூட்டிய கேட்டுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். ஒருநாள் தூக்கு மட்டும் திரும்பி வந்தது, யாரோ சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த வருஷமே கலியமூர்த்தி கடையில் சேர்ந்தான். அப்போது டி.வி. என்றால் கன்றுக்குட்டி கனம். மூன்றாம் மாடிக்குத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு போவான். பிறகு டி.வி. மெலிந்துகொண்டே வந்தது. அவன் மெலியவில்லை.

தூக்குகிற வேலை குறைந்ததும் அவன் கண்ணை வைத்துப் பிழைக்க ஆரம்பித்தான். படம் பார்ப்பதில் அவனுக்கு மூன்று சட்டங்கள். வீடு வீடாக அதைச் சொல்லுவான். ஒன்று, கடையில் இருந்த பளபளப்பை அப்படியே விடக்கூடாது: "அது ஏமாத்தும்மா. கடையில அவ்ளோ வெளிச்சத்துல எடுப்பா தெரியணும்னு ஏத்தி வெச்சிருப்பாங்க. வூட்ல அது கண்ணுக்கு வெஷம்." சொல்லிக்கொண்டே ரிமோட்டை வாங்கி, சினிமாவுக்கு உண்டான அடக்கமான நிறத்துக்கு இறக்கிவிடுவான். இரண்டு, விளக்கை அணைத்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்க்க வேண்டும். மூன்று, புள்ளிகள் நெருக்கமான ஃபோர்-கே டி.வி. என்றால் கிட்டே உட்கார வேண்டும். "பத்தடி தள்ளி குந்திக்கிட்டா பழைய டி.வி.க்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம்?"

இன்னொன்றும் சொல்லுவான், அது சட்டத்தில் சேர்த்தியில்லை. புது டி.வி. வந்தால் பெண்கள் சந்தனத்தையும் குங்குமத்தையும் கொண்டுவந்து நேராகத் திரையில் பொட்டு வைப்பார்கள். "படம் வர்ற பக்கம் வெக்காதீங்கம்மா, பின்னாடி வைங்க" என்று கையைப் பிடிக்காத குறையாகத் தடுப்பான். இதை அவன் மனைவி அன்னக்கிளிக்கும் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான்.

அவர்களுக்கு ஒரே பெண், சிந்துஜா. ஊருக்குள் சாரம் என்கிற பகுதியில் இரண்டு அறை வீடு. பதினோரு வயதில் அந்தப் பெண்ணுக்கு ஒரு படப் பைத்தியம் பிடித்தது. வெளிநாட்டுக் கார்ட்டூன், தமிழில் பேசவைத்தது. அம்மாவைத் தேடி நடுக்கடல் பள்ளத்துக்குள் இறங்குகிற ஆமைக்குஞ்சின் கதை. படத்துக்குப் பெயர் இருந்தது. இவர்கள் வீட்டில் அது ஆமைப்படம். கடையிலிருந்து பென்டிரைவில் ஏற்றி வந்த காப்பியை அவள் எத்தனை தடவை பார்த்தாள் என்று யாரும் எண்ணவில்லை. எல்லா வசனமும் மனப்பாடம். நண்டு பேசுவதை நண்டு குரலிலும் கிழட்டுச் சுறா பேசுவதைச் சுறா குரலிலும் சொல்லுவாள்.

ஆமை பள்ளத்துக்குள் இறங்குகிற இடத்தில் ஒரு முழு நிமிஷம் சத்தமே கிடையாது. இருட்டு மட்டும். அதற்குப் பிறகு, தலையில் விளக்குத் தொங்குகிற ஒரு மீன் வரும்.

"ஏம்பா கடலு கட்டம் கட்டமா இருக்கு?" என்று அந்த இடத்தில் ஒருநாள் கேட்டாள்.

கேட்டது அவனைக் குத்தியது. காப்பி எடுக்கிறவர்கள் படத்தைக் கசக்கிச் சின்னதாக்கும்போது முதலில் சாவது இருட்டுதான்; கருநீலமும் கருப்பும் ஒன்றில் ஒன்று கரையாமல் தரையில் ஓடு பதித்த மாதிரி சதுரம் சதுரமாக நிற்கும். ஊருக்கெல்லாம் படம் சரிபண்ணுகிறவன் வீட்டில் கடல் கட்டம் கட்டமாக இருந்தது.

"நல்ல காப்பி எடுத்தாறேன் பாப்பா" என்றான்.

அதற்குள் மார்ச் மாதம் வந்துவிட்டது.

மார்ச்சில் சிந்துஜா விழ ஆரம்பித்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் முக்காலி தடுக்கி விழுந்தாள். வாசல் குடத்தை உதைத்தாள். "கண்ண எங்கடி வெச்சிக்கினு நடக்கற?" என்று கலியமூர்த்தி ஒருநாள் முதுகில் ஒன்று வைத்தான். அந்த அடியை அவன் பிறகு பல தடவை தன் கையில் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லித்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண்ணாடி எழுதித் தருவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

டாக்டரம்மா கண்ணாடி எழுதவில்லை. பெண்ணை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார். கண்ணுக்குப் பின்னால் படம் விழுகிற திரை இருக்கிறது, அது ஓரத்திலிருந்து செத்துக்கொண்டு வருகிறது. முதலில் இருட்டில் தெரியாமல் போகும். பிறகு பக்கவாட்டுப் பார்வை போகும். நடுவில் கொஞ்சம் மிஞ்சும். அதுவும் ஒருநாள்.

"ஆபரேசன்?" என்றாள் அன்னக்கிளி.

"இதுக்கு இல்லம்மா."

"எவ்ளோ நாளு இருக்கு மேடம்?" கலியமூர்த்தி கேட்டது வாரண்டி கேட்கிற குரலில் வந்தது. வேறு குரல் அவனிடம் இருக்கவில்லை.

"சொல்ல முடியாது. மூணு வருஷமும் ஆகலாம், பதினஞ்சும் ஆகலாம்."

அன்னக்கிளி கோயில் கோயிலாகப் போனாள். மாதா கோயிலையும் விடவில்லை. கலியமூர்த்திக்கு அதெல்லாம் வரவில்லை. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: படம் சரியில்லையென்றால், அது கிளம்பி வருகிற இடத்தில் நல்லதைக் கொடுக்க வேண்டும். பெண்ணின் கண்ணுக்குள் திரை மங்குகிறது. அதற்குள் வெளியே இருக்கிற திரையில் இருப்பதிலேயே நல்ல படத்தை அவள் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். அந்தக் கடலைக் கட்டமில்லாமல் பார்த்துவிட வேண்டும். பார்த்ததுதான் பிறகு அவளுக்கு மிஞ்சும். இப்படி அவன் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான். அதில் தப்பு இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

ஆமைப்படம் டிஸ்கில் கிடைக்குமா என்று கேட்டதும் கடையில் விற்கிற பையன் விக்ரம் சிரித்தான். "இன்னும் டிஸ்க்கா? நெட்டுல ஃபோர்-கேவே வருதுண்ணே."

"வருது. சாரத்துல சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் நெட்டு போட்டா உன் ஃபோர்-கே இன்னா ஆவுதுன்னு வந்து பாரு. மூஞ்சி தெரியும், இருட்டு தெரியாது. டிஸ்குல கசக்காம அப்படியே வெச்சிருப்பான்டா."

அவன் சொன்னது சரிதான். ஆனால் டிஸ்க் இந்தப் பக்கம் எங்கும் கிடைக்கவில்லை. பாரிஸில் இருக்கிற ஹரிகிருஷ்ணனுக்குப் போன் போட்டான். ஹரி அவனுக்கு மாமன் மகன். மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர், குடும்பத்தோடு அங்கேயே நின்றுவிட்டவர்.

"கார்ட்டூனுக்கா மச்சான்?" என்றான் ஹரி. "வரஞ்ச படம்தானே. எங்க வூட்ல பழைய டிஸ்கும் இருந்துச்சி, ஃபோர்-கேயும் இருக்கு. பசங்களுக்கு எது ஓடுதுன்னே தெரியாது. கோடு எல்லாத்துலயும் கோடாத்தான் இருக்கு."

"கோட்டுக்கு இல்ல மச்சான். இருட்டுக்கு."

ஹரிக்கு விளங்கவில்லை. ஆனால் ஆகஸ்டில் ஊருக்கு வந்தபோது, தன் வீட்டிலிருந்த பிளேயரையும் ஆமைப்படத்தின் ஃபோர்-கே டிஸ்கையும் துணிகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தான். "வ்வாலா!" என்று பிரெஞ்சில் சொல்லி மேசைமேல் வைத்தான். "ஒன்னு சொல்லிட்றேன். பிரெஞ்சு இருக்கு, இங்கிலீஷ் இருக்கு. தமிழ் கெடையாது."

"தமிழ் எங்கிட்ட இருக்கு மாமா" என்றாள் சிந்துஜா.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு என்று முடிவாயிற்று. காலையிலேயே அன்னக்கிளி பூசை போட்டாள். பிளேயருக்குச் சந்தனப் பொட்டு, குங்குமப் பொட்டு. டிஸ்கை எடுத்தாள். ஒரு பக்கம் ஆமைக்குஞ்சு சிரித்துக்கொண்டிருந்தது; மறுபக்கம் ஒன்றுமில்லாமல் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. படம் இருக்கிற பக்கம் பொட்டு வைக்கக்கூடாது, இது அவள் புருஷன் சொல்லிச் சொல்லி மண்டையில் ஏற்றியது. ஆமைக்குஞ்சை மேசையில் முகம் குப்புறப் படுக்கவைத்து, வெறுமையாக இருந்த பக்கத்தில் மோதிர விரலால் அழகாக ஒரு பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினாள். "எம்மவளுக்கு நல்லபடியா காட்டு தாயே." பிறகு, ஈரச் சந்தனம் பிளேயருக்குள் ஒட்டிக்கொள்ளுமோ என்று முந்தானையால் துடைத்து உறையில் போட்டாள்.

படம் முழுவதும் எழுதியிருப்பது அந்த வெறும் பக்கத்தில்தான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அதை அவன் சொன்னதில்லை.

அவர்கள் வீட்டு டி.வி., கடையில் இரண்டு வருஷம் காட்சிக்கு வைத்திருந்தது. காலையிலிருந்து ராத்திரி வரை எரிந்து எரிந்து வெளிச்சம் வடிந்துபோனது. ஆனாலும் ஃபோர்-கே, வெள்ளையை வெள்ளையாகவும் கருப்பைக் கருப்பாகவும் காட்டுகிற எச்.டி.ஆர். என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. கலியமூர்த்தி தன் சட்டப்படி எல்லாம் செய்தான். படத்தை அடக்கி வைத்தான். ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைச் செருகினான். சிந்துஜா பின்சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள்.

"முன்னாடி வா பாப்பா. அங்க குந்தினா இன்னா தெரியும்?"

"இங்கயே இருக்கேம்பா."

"வாம்மா. நாலடில குந்தணும். இது ஃபோர்-கே."

கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். பக்கத்து வீட்டுக் கலைவாணி தன் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தாள். விளக்கை அணைத்தான்.

படம் ஓட ஆரம்பித்ததும் அவனுக்கே மூச்சு நின்றுவிட்டது. மணல் மணலாக இருந்தது, ஒவ்வொரு துகளும் தனி. முட்டையை உடைத்துக்கொண்டு வருகிற ஆமைக்குஞ்சின் ஓட்டில் பச்சைக்குள் பழுப்பு, பழுப்புக்குள் ஒரு பொன். பென்டிரைவில் அது வெறும் பச்சை. "பாத்தியா பாப்பா? ஓட்டப் பாத்தியா?"

"சூப்பர்பா."

பிரெஞ்சில் நண்டு பேசியது. அதற்குமேல் சிந்துஜா தமிழில் பேசினாள், நண்டின் குரலில், நண்டு வாயைத் திறக்கிற அதே நேரத்தில். கலைவாணியின் பிள்ளைகள் உருண்டு சிரித்தன. "இன்னாடி இது, டப்பிங்குக்கே போலாம் போலருக்கே!" என்றாள் கலைவாணி. சுறா வந்தது, சிந்துஜா சுறா ஆனாள். நடுநடுவே தானே சொன்னாள்: "எவ்ளோ தெளிவா இருக்குப்பா. கடலு கட்டமே இல்லப்பா." கலியமூர்த்தி இருட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மார்ச்சுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவனுக்குச் சோறு செரித்தது.

பள்ளம் வந்தது. ஆமை இறங்கியது. சத்தம் நின்றது. கருப்புக்குள் ஒரு நீலம், அந்த நீலத்துக்குள் இன்னும் ஆழமான ஒரு நீலம், சதுரமில்லை, வரம்பில்லை. அவன் பெண்ணுக்குக் காட்ட நினைத்தது இதைத்தான்.

ஆமையின் வாயிலிருந்து கிளம்பிய ஒரு குமிழி பாதி வழியில் நின்றது.

ஆமையும் நின்றது. தூக்கிய துடுப்பு தூக்கியபடி. ஐந்து நொடி. பத்து நொடி. டிஸ்க் சிக்கிவிட்டது என்று கலியமூர்த்திக்குப் பார்த்ததுமே தெரிந்தது. ரிமோட்டைத் தேடி எழுந்தான்.

"தோ, இப்ப வருது பாருங்க" என்றாள் சிந்துஜா. "கலைவாணிக்கா, பாருங்க. வெளக்கு மீனு. மொதல்ல வெளக்கு மட்டும்தான் தெரியும். தோ... பல்லப் பாருங்க, எவ்ளோ பெரிசு!"

திரையில் குமிழி நின்ற இடத்தில் நின்றது.

"ஆம பயந்து திரும்புது. திரும்பிச்சா? ஓட்டுக்குள்ள தலய இழுத்துக்கிச்சி பாருங்க. எப்படி பளிச்சுனு இருக்கு இல்லப்பா? பென்டிரைவுல இப்படி இல்லவே இல்ல."

கலைவாணியின் சின்னப் பிள்ளை எதையோ சொல்ல வாயெடுத்தது. அவள் அதன் வாயைப் பொத்தினாள். "சிந்து..." என்றான் ஹரி. கலியமூர்த்தி கையை உயர்த்தி அவனை நிறுத்தினான். ஏன் நிறுத்தினான் என்று அவனுக்குத் தெரியாது. நின்றுபோன ஒரு படத்துக்கு முன்னால், தன் பெண் ஓடாத மீனை ஓடவிட்டு, வராத வெளிச்சத்தை வரவிட்டு, ஒரு காட்சியை முழுதாகச் சொல்லி முடிப்பதை அவன் நின்று கேட்டான்.

"அம்மா, நீயா?" என்று ஆமையின் குரலில் முடித்தாள். பிரெஞ்சு ஆமை ஒன்றும் பேசவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு சின்னக் குரலில், "ஏம்பா சவுண்டு வரல?" என்றாள்.

அவன் அவள் முன்னால் போய் மண்டியிட்டான். முகத்துக்கு நேரே கையை நீட்டினான்.

"இது எத்தினி வெரலு?"

"எதுக்குப்பா?"

"சொல்லுடி. எத்தினி?"

 "மூணு" என்றாள்.

அவன் விரலே நீட்டியிருக்கவில்லை. மூடிய கை.

அன்னக்கிளி விளக்கைப் போட்டாள். கலைவாணி பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஹரி பிளேயரைத் திறந்து டிஸ்கைத் திருப்பினான். வெறும் பக்கத்தில், ஓரத்தை ஒட்டி, மஞ்சளும் சிவப்பும் கலந்து உலர்ந்த ஒரு தீற்றல். அன்னக்கிளி பார்த்தாள். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "நான்தான்யா. நான் வெச்ச பொட்டுதான். எம்பொண்ணு கண்ணுல நானே வெச்சிட்டேனே..."

"பொட்டுக்கும் கண்ணுக்கும் என்னாக்கா சம்மந்தம்?" என்றான் ஹரி. 

"அப்பா, லைட் போட்டா தெரியுதுப்பா" என்றாள் சிந்துஜா. "நெஜமா. நீ நீலச் சட்ட போட்டிருக்க. பட்டன் ஒன்னு பிஞ்சிருக்கு."

"பொய் சொல்லாத."

"சத்தியமாப்பா."

"இம்மாம் நேரம் சொன்னதும் இப்படித்தானே சொன்ன!"

 அந்த ராத்திரி அந்த வீட்டில் யாரும் யாரையும் நம்பவில்லை.

விடிந்ததும் ஆஸ்பத்திரி. பெண்ணை ஒரு பெட்டிக்குள் முகம் வைக்கச் சொல்லி, உள்ளே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வரும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியிலிருந்து கலியமூர்த்திக்கு வெளிச்சம் தெரியாது. பட்டன் சத்தம் மட்டும் கேட்கும். டிக். டிக். பிறகு நீளமான ஒரு மௌனம். அந்த மௌனத்தில் எத்தனை வெளிச்சம் வந்துவந்து போயிருக்கும் என்று அவன் எண்ணிப் பார்த்தான்.

டாக்டரம்மா இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மார்ச்சில் எடுத்ததில் நடுவே ஒரு வெள்ளை வட்டம், சுற்றிக் கருப்பு. இப்போது எடுத்ததில் அந்த வெள்ளை இன்னும் சின்னது.

"கொறஞ்சிருக்கு. ஆனா நடுப்பார்வை இருக்கு. வெளிச்சத்துல எழுத்து படிக்கறா. உங்க சட்டையில பட்டன் பிஞ்சிருக்குன்னு அவதான் எங்கிட்ட சொன்னா." காகிதத்திலிருந்து கண்ணை எடுத்தார். "வீட்ல என்ன பண்ணீங்க?"

அவன் சொன்னான். ஜன்னல், துண்டு, அணைத்த விளக்கு, அடக்கிய நிறம், நாலடி.

அவர் திட்டவில்லை. மேசைமேல் இருந்த காகிதத்தை எடுத்துக் குழலாகச் சுருட்டி அவனிடம் நீட்டினார். "ஒரு கண்ண மூடிட்டு, இதுல சுவத்துல மாட்டியிருக்கற காலண்டரப் பாருங்க."

எழுந்து நின்று பார்த்தான். ஒரு தேதி தெரிந்தது.

"பின்னாடி போங்க."

கதவு வரை போனான். நாலு தேதி தெரிந்தது.

"இப்ப புரியுதா? அவளுக்கு இருக்கறது அந்த ஓட்டைதான். தள்ளி உக்காந்தாத்தான் படம் அதுக்குள்ள அடங்கும். இருட்டுல அந்த ஓட்டையும் இல்ல. கருப்ப இன்னும் கருப்பா காட்ற டி.வி. அவளுக்கு எதுக்கு? நல்ல டிஸ்க் மத்தவங்களுக்கு நல்லது. இவளுக்கு வெளிச்சம் வேணும், தூரம் வேணும்."

"இன்னும் எவ்ளோ நாளு மேடம்?"

"தெரியலைங்க. போன தடவையும் அதான் சொன்னேன்."

வண்டியில் திரும்பி வரும்போது பெண் பின்னால் உட்கார்ந்து அவன் வயிற்றைச் சுற்றிப் பிடித்திருந்தாள். உப்பளம் தாண்டியதும் அவன் கேட்டான்.

"தெரியலன்னு ஏன்டி சொல்லல?"

"நீ சந்தோசமா இருந்த."

அவன் வண்டியை ஓரம் கட்டினான்.

"பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தானா?"

"கேட்டுலேர்ந்து கொழா நாப்பத்திரெண்டு அடி. கிளாசுக்கு அங்கேர்ந்து பதினேழு. எண்ணிக்கிட்டே போவேன்." அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். "இனிமே உனக்கு இருட்டாத் தெரிஞ்சா எங்கிட்ட சொல்லு" என்றான் அவன். "நீ அழாம இருந்தா சொல்றேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அவன் சட்டைகூட மாற்றவில்லை. முதலில் டிஸ்கைக் கழுவினான், குழந்தைக்கு முகம் கழுவுவது போல வெறும் தண்ணீரும் மெல்லிய துணியுமாக. தீற்றல் போயிற்று, நுண்ணிய ஒரு கீறல் மட்டும் நின்றது. பிறகு டி.வி.யைச் சுவரிலிருந்து கழற்றினான். அந்த அறையில் எங்கே உட்கார்ந்தாலும் கிட்டேதான். தெருவாசலை ஒட்டின சுவரில் புதிதாக நாலு துளை போட்டு மாட்டினான். சிந்துஜாவின் பாயை அடுப்படிக்குள், பின்கதவோரம் போட்டான். இரண்டு அறையும் ஒரே நேர்கோட்டில் இருந்த வீடு, அதனால் முடிந்தது. கட்டுகிறபோது ஊரார் அதை ரயில்பெட்டி வீடு என்று கேலி செய்தார்கள்.

ஜன்னல் இரண்டையும் திறந்துவிட்டான். காலை பதினொரு மணி வெயில் உள்ளே வந்தது. ரிமோட்டை எடுத்தான். எச்.டி.ஆரை நிறுத்தினான். கருப்பைத் தூக்கிச் சாம்பல் ஆக்கினான். வெளிச்சத்தை முழுதாக ஏற்றினான். நிறத்தைக் கடையில் வைத்திருப்பார்களே, அந்தப் பளபளப்புக்குக் கொண்டுபோனான். ஊரில் எத்தனையோ வீட்டில் ஏமாத்து என்று சொல்லி அவன் அழித்த அதே படம். ஓட்டிலிருந்த பொன் போய்விட்டது. மணலில் துகள் இல்லை, சாயம் வெளுத்த துணி மாதிரி இருந்தது. பாரிஸிலிருந்து வந்த டிஸ்கில் நல்லது என்று எது எது இருந்ததோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே கெடுத்தான்.

"எப்படி இருக்கு பாப்பா?"

"அசிங்கமா இருக்குப்பா" என்றாள் அடுப்படியிலிருந்து. "ஆனா தெரியுது."

ஹரி வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். "அப்ப டிஸ்கு கொண்டாந்ததுக்கு ஒன்னுமே இல்லியா மச்சான்? பென்டிரைவே போட்டிருக்கலாமே."

"இரு."

நண்டு பேசியது. சிந்துஜா பேசவில்லை. சுறா பேசியது. அப்போதும் அவள் பேசவில்லை. அன்னக்கிளி பயந்துபோய்க் கணவன் முகத்தைப் பார்த்தாள்; அவன் வாயில் விரல் வைத்துக் காட்டினான். மனப்பாடத்தைச் சொல்லுகிறவள் பேசுவாள். பார்க்கிறவள் பேசமாட்டாள். அவன் மெல்ல நடந்துபோய் அவள் பின்னால் நின்றுகொண்டான். தலை அசைவது தெரிந்தது, ஆமை போகிற பக்கமெல்லாம், கோழிக்குஞ்சின் தலை மாதிரி துண்டு துண்டாக.

பள்ளம் வந்தது. சத்தம் நின்றது. கீறல் இருந்த இடத்தில் படம் ஒரு துள்ளு துள்ளி, நிற்காமல் தாண்டியது. சாம்பல் நிறக் கடலில் ஆமை இறங்கியது.

"கட்டம் இல்லப்பா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அத்தனை வெளிச்சத்திலும் அத்தனை தூரத்திலும் டிஸ்கில் மிஞ்சிய நல்லது அது ஒன்றுதான். ஹரிக்கு அதுதான் பதில். பிறகு விளக்கு மீன் வந்தது, முதலில் விளக்கு, பிறகு பல், பிறகு தலையிலிருந்து வால் வரை முழு மீனும் திரையை அடைத்துக்கொண்டு போயிற்று. சிந்துஜா அதை முழுசாகப் பார்த்தாள். கலியமூர்த்தி குனிந்து, "முழுசா தெரிஞ்சுதா பாப்பா?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். அவன் பின்கதவைத் திறந்துகொண்டு கொல்லைக்குப் போய், அவள் காதில் விழாத தூரத்தில் நின்று அழுதான்.

இதை எழுதுகிற நான் அவளுடைய பாட்டி; இந்த இடத்தை வாசித்துக் காட்டியபோது சிந்துஜா எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. கையை நீட்டித் தாளைத் தடவிப் பிடித்து நிறுத்தினாள்.

"அது தப்பு ஆயா. முழுசா தெரியல. பல்லப் பாத்துட்டு தலயத் திருப்பறதுக்குள்ள வாலு போயிடுச்சி. அப்பா கேட்டாரு. தெரிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்."